கடலில் பிடித்த பிறகு என்ன நடக்கிறது? (போதைப்பொருள் கடத்தலும் நாடுகளின் ஒத்துழைப்பும்)

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

2024 நவம்பர் கடைசி வாரத்தில் இரண்டு செய்திகள் வந்தன, பலருக்கு நினைவிருக்கும். அந்தமான் கடலில், பாரன் (Barren) தீவுக்குப் பக்கத்தில், மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றை இந்தியக் கடலோரக் காவல்படை மடக்கியது. உள்ளே ஏறத்தாழ 6,000 கிலோ ஐஸ் (மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்), இரண்டு கிலோ பொட்டலங்களாகக் கட்டி வைத்திருந்தார்கள். படகில் இருந்த 6 பேர் கைது. அதே வாரம் அரபிக்கடலில் இலங்கைக் கொடி போட்ட இரண்டு படகுகளில் 500 கிலோ ஐஸ் சிக்கியது. இலங்கைக் கடற்படை துப்புக் கொடுக்க, இந்தியக் கடற்படை விமானத்தை அனுப்பித் தேடிப் பிடித்து, படகு, ஆட்கள், சரக்கு எல்லாவற்றையும் இலங்கையிடமே ஒப்படைத்தது.

இரண்டாவது செய்தி எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்தது. மீனவர் பிரச்சினையில் தினமும் முறைத்துக்கொள்கிற இரண்டு நாட்டுக் கடற்படைகள் இதில் மட்டும் ஒரே படகைச் சேர்ந்து துரத்தியிருக்கின்றன, அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் முதல் செய்திதான் மனதில் முள்ளாக நிற்கிறது. 6,000 கிலோ சரக்கைச் சமைக்கவே ஒரு தொழிற்சாலை வேண்டும். அதற்கு ரசாயனம் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும், யாரோ முன்பணம் போட்டிருக்க வேண்டும், இன்னொரு நாட்டில் யாரோ வாங்கக் காத்திருந்திருக்க வேண்டும். கையில் கிடைத்ததோ கூலிக்கு வந்த 6 பேர். பிடித்த அன்று படம் எடுத்து எல்லாப் பத்திரிகையிலும் போடுகிறார்கள், அதற்குப் பிறகு அந்த வழக்கு முதலாளி வரைக்கும் போனதா என்று ஒரு வரிச் செய்திகூட நம் கண்ணில் படுவதில்லை. நாடுகளுக்கு நடுவே ஒத்துழைப்பு என்று சொல்வதெல்லாம் படகைப் பிடிக்கும் வரைதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கறுப்பு அங்கி

நெய்தல், நல்ல கேள்வி. சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திறந்த கடலில் ஒரு கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு போகிறதோ அந்த நாட்டுக்குத்தான் அதன்மேல் அதிகாரம். 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 108ஆவது பிரிவு போதைப்பொருளைத் தடுக்க எல்லா நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது. ஆனால் வேறு நாட்டுக் கப்பலில் ஏறிச் சோதிக்கலாம் என்று அனுமதி தரும் 110ஆவது பிரிவின் பட்டியலில் கடற்கொள்ளை இருக்கிறது, அடிமை வியாபாரம் இருக்கிறது, எந்த நாட்டிலும் பதியாத கப்பல் இருக்கிறது, போதைப்பொருள் இல்லை. இந்த ஓட்டையை ஓரளவு அடைத்தது 1988இல் வியன்னாவில் வந்த ஐ.நா. உடன்படிக்கை. அதன் 17ஆவது பிரிவின்படி சந்தேகம் வந்தால் கொடி நாட்டிடம் கேட்க வேண்டும், அவர்கள் சரி என்றால் ஏறலாம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நள்ளிரவில் கப்பல் நகர்ந்துகொண்டிருக்கும்போது அந்த நாட்டுத் தலைநகரில் யார் போனை எடுப்பார்கள்? கடத்துகிறவர்களுக்கும் இது தெரியும், அதனால்தான் பதிவே இல்லாத மரப்படகுகளில் வருகிறார்கள். அந்தப் படகில் யாரும் ஏறலாம், ஏறிய பிறகு வழக்குப் போட எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதில்தான் குழப்பம்.

பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட கூட்டுக் கடற்படை ஒன்று இருக்கிறது, 40க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தது. 2014 ஏப்ரலில் அந்தப் பணியில் இருந்த ஆஸ்திரேலியக் கப்பல் டார்வின், கென்யாவுக்கு அப்பால் ஒரு மரப்படகிலிருந்து 1,032 கிலோ ஹெராயின் எடுத்தது. இந்த மாதிரி வேட்டைகளில் வழக்கம் என்ன தெரியுமா? சரக்கைக் கடலிலேயே அழித்துவிட்டு, படகையும் ஆட்களையும் போகச் சொல்லிவிடுவார்கள். குற்றவாளியை ஏற்று வழக்கு நடத்தும் அதிகாரம் அந்தப் படைக்கு இல்லை. விட்ட ஆள் அடுத்த நடை வருகிறான், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு நம்பவே கஷ்டமாக இருக்கும், ஆனால் அதுதான் நடைமுறை.

பனங்கூடல்

கறுப்பு அங்கி அண்ணா சொன்னதுக்கு ஒரு மாற்று உதாரணம் எங்கட பக்கம் இருக்கிறது. 2020 தொடக்கத்தில் இலங்கைக் கடற்படை கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் தாண்டிப் போய், கொடியில்லாத வெளிநாட்டுப் படகுகளைப் பிடித்தது. கடலிலேயே அழித்துவிட்டு ஆட்களை விடவில்லை. படகையும் ஆட்களையும் ஹெரோயினையும் ஐஸையும் கரைக்குக் கொண்டுவந்து வழக்குப் போட்டார்கள். சின்ன நாடு, பழைய கப்பல்கள். மனம் இருந்தால் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் பிடித்த பிறகு என்ன என்ற கேள்விக்கு எங்களிடமே மிக மோசமான ஒரு பதிலும் இருக்கிறது. 2019 பெப்ரவரியில் மாகந்துரே மதுஷ் டுபாயில் பிடிபட்டார், மே மாதம் நாடு கடத்தப்பட்டு கொழும்புக்கு வந்தார். வெளிநாட்டில் இருந்துகொண்டு வலையமைப்பையே நடத்தியவர் என்று சொல்லப்பட்ட ஆள், வாயைத் திறந்தால் எத்தனை பேர் மாட்டுவார்கள் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. 2020 ஒக்டோபரில், ஒளித்து வைத்த போதைப்பொருளைக் காட்டக் கூட்டிப்போன இடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்துவிட்டார் என்று பொலிஸ் சொன்னது. ஒரு நாடு பிடித்துக் கொடுக்கிறது, மற்ற நாட்டில் அவர் பொலிஸ் பொறுப்பில் இருக்கும்போதே சாகிறார். அவருக்குத் தெரிந்த பெயர்கள், வங்கிக் கணக்குகள், தொடர்புகள் எல்லாம் அவரோடு போய்விட்டன. இனி எந்த நாடு நம்பி ஆளைத் தரும்?

2025 ஆகஸ்ட்டில் ஜகார்த்தாவில் நடந்த கைது கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. இந்தோனேசியப் பொலிசும் இன்டர்போலும் சேர்ந்து இலங்கையின் பாதாள உலகக் குழுவினர் என்று தேடப்பட்டவர்களைப் பிடிக்க, அதே மாதம் கொழும்புக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு செப்டெம்பரில் தெற்கே மித்தெனியவில் ஐஸ் தயாரிக்கும் இரசாயனங்கள் மண்ணுக்குள் புதைத்திருந்தது வெளியே வந்தது. இந்த முறை இவர்களை உயிரோடு நீதிமன்றம் வரை கொண்டுபோகட்டும், அதுதான் முக்கியம்.

நேர்க்கோடு

எல்லோரும் சட்டப் பிரிவு பேசுகிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்கள் தெருவில் 17 வயதுப் பையன்கள் வீணாகிப் போகிறார்கள், அந்தத் தாய்மார்களிடம் போய் 110ஆவது பிரிவு பற்றிச் சொல்ல முடியுமா? அமெரிக்கா 2025 செப்டம்பரிலிருந்து கரீபியன் கடலில் படகைக் கண்டதும் குண்டு போடுகிறது. நாலு படகு மூழ்கினால் ஐந்தாவது படகு வராது. கைதும் வழக்கும் வாய்தாவுமாக 10 வருஷம் இழுப்பதைவிட இது மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யாரும் திட்ட வேண்டாம், மனதில் பட்டதைச் சொன்னேன்.

கறுப்பு அங்கி

நேர்க்கோடு, உங்கள் கோபம் நியாயமானது, திட்டமாட்டேன். ஆனால் அந்தக் குண்டு வீச்சால் என்ன கிடைத்தது என்று பாருங்கள். அக்டோபரில் ஒரு நீர்மூழ்கி மாதிரிக் கலத்தைத் தாக்கினார்கள், இரண்டு பேர் பிழைத்தார்கள். அவ்வளவு பெரிய கடத்தல்காரர்கள் என்றால் கோர்ட்டில் நிறுத்தியிருக்க வேண்டும் இல்லையா? கொலம்பியாவுக்கு ஒருவர், ஈக்வடாருக்கு ஒருவர் என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஈக்வடார் அந்த ஆள்மேல் குற்றம் எதற்கும் ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டது. குண்டு போட்ட இடத்தில் போன் இல்லை, ஜிபிஎஸ் இல்லை, சாட்சி இல்லை. அந்தச் சரக்கை அனுப்பியவன் யார் என்று கண்டுபிடிக்க இருந்த ஒரே நூலை நாமே அறுத்துவிடுகிறோம். ஐ.நா. மனித உரிமை ஆணையர் இது பன்னாட்டுச் சட்டத்தை மீறுகிறது என்றார். அது ஒருபுறம் இருக்க, கரீபியன் பகுதித் தகவல்களை அமெரிக்காவுக்குத் தருவதை பிரிட்டன் நிறுத்தி வைத்ததாக நவம்பரில் செய்தி வந்தது. வருஷக்கணக்கில் கட்டிய நம்பிக்கை அது. அதே அமெரிக்காதான் அந்தப் பகுதி நாடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பந்தம் போட்டு, அந்த நாட்டு அதிகாரியையே தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு ரோந்து போய், பிடித்த ஆட்களை வழக்குக்குக் கொண்டுவந்து கொண்டிருந்தது.

கரைவலை

நான் கடல் தொழில் குடும்பம். நேர்க்கோடு தம்பி சொல்வதைப் படித்ததும் நெஞ்சு பதறுகிறது. கண்டதும் சுடு என்றால் முதலில் சாகப்போவது யார்? மேலே பறக்கிற விமானத்துக்கு என் படகும் கடத்தல் படகும் ஒன்றுதான்.

2011 நவம்பரில் ராமேஸ்வரம் பக்கத்து மீனவர்கள் 5 பேரை ஹெராயின் கடத்தியதாக இலங்கைக் கடற்படை பிடித்தது. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் 5 பேருக்கும் தூக்குத் தண்டனை கொடுத்தது. இங்கே கரையெங்கும் ஒரே போராட்டம், ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். கடைசியில் மூன்று வாரத்துக்குள் இலங்கை ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து விடுதலையானார்கள். அவர்கள் நிரபராதி என்றுதான் எங்கள் கரையில் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் மன்னிப்பு என்பது குற்றமில்லை என்ற தீர்ப்பு இல்லையே. உண்மையில் அந்தச் சரக்கு யாருடையது என்று இரண்டு நாட்டுப் போலீசும் சேர்ந்து உட்கார்ந்து விசாரித்திருந்தால் அந்த 5 வீடுகளும் மூன்று வருஷம் அழுதிருக்க வேண்டாம். ஒத்துழைப்பு என்றால் எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வரும். தப்பு செய்தவனைப் பிடிக்க மட்டும் இல்லை, செய்யாதவனை விடவும் இரண்டு நாடும் பேசியாக வேண்டும்.

இன்னொன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன், தெரிந்தே போகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள். டீசல் கடன், வலைக் கடன், பிடிபட்டு அங்கே நிற்கும் படகு, இப்படி நெருக்கடியில் இருப்பவனை எங்கே தேடுவது என்று கடத்தல் ஆட்களுக்குத் தெரியும்.

செம்பனை

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். கரைவலை அண்ணன் சொன்ன வலி எங்களுக்கும் புதிது இல்லை. எங்கள் பையன் நாகேந்திரன், 2009இல் சிங்கப்பூர் எல்லையில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார், 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கு. அறிவுத்திறன் குறைந்தவர் என்று மருத்துவர்கள் சொன்னதும் எடுபடவில்லை. 13 வருஷத்தில் அந்தச் சரக்கின் முதலாளி தூக்குமேடை ஏறினானா? இல்லை. கூலிக்குச் சரக்குச் சுமக்கும் குருவிகள்தான் சாகின்றன. மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்டது, தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு.

இது ஒத்துழைப்பையும் நேரடியாகக் கெடுக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. 2005இல் ஆஸ்திரேலியப் போலீஸ் கொடுத்த துப்பை வைத்து இந்தோனேசியா பாலியில் 9 ஆஸ்திரேலியர்களைப் பிடித்தது. அதில் 2 பேரை 2015 ஏப்ரலில் சுட்டுக் கொன்றார்கள். மரண தண்டனையே இல்லாத நாடு, தன் பிள்ளைகளைத் தானே பிடித்துக் கொடுத்துச் சாகவிட்டது என்று அங்கே பெரிய கொதிப்பு, தண்டனை நிறைவேறும் முன்பே 2009இல் போலீசின் விதிகளைத் திருத்தியிருந்தார்கள். இன்றைக்கு ஐரோப்பிய நாடு ஒன்றிடம் ஆளைக் கேட்டால் முதல் கேள்வியே தூக்கில் போடமாட்டீர்களே என்பதுதான். நாம் பயமுறுத்த வைத்திருக்கும் தண்டனையே பெரிய புள்ளிகளுக்குக் கவசமாகிவிடுகிறது.

நேர்க்கோடு

கரைவலை அண்ணா, மன்னித்துக்கொள்ளுங்கள். படகு என்றதும் எனக்குக் கடத்தல்காரன் முகம்தான் தெரிந்தது, உங்கள் முகம் தெரியவில்லை. குண்டு போடுவது பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. பெரிய ஆள் என்று ஒருவனாவது எங்காவது மாட்டியிருக்கிறானா?

நெய்தல்

மாட்டியிருக்கிறார்கள். ட்சே சி லொப் என்று சீனாவில் பிறந்த கனடாக்காரர், ஆசிய பசிபிக் ஐஸ் வியாபாரத்தில் பெரும்பங்கை வைத்திருந்த குழுவின் தலைவர் என்று சொல்லப்பட்டவர். தாய்வானிலிருந்து கனடா போகும் வழியில் 2021 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஆஸ்திரேலியா கேட்டபடி பிடித்தார்கள். ஏறத்தாழ இரண்டு வருஷம் நீதிமன்றத்தில் போராடி, 2022 டிசம்பரில்தான் மெல்பர்னுக்கு வந்தார். அவரை மாட்டியது படகைத் துரத்தும் வேலை இல்லை, பல நாட்டுப் போலீஸ் ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்த தகவல்.

அதைவிடப் பெரியது என்க்ரோசாட் விவகாரம். கடத்தல்காரர்கள் பயன்படுத்திய மறைகுறி போன்களின் சர்வருக்குள் 2020இல் பிரெஞ்சுப் போலீஸ் நுழைந்தது. பிரான்சும் நெதர்லாந்தும் ஒரே விசாரணைக் குழுவாகச் சேர்ந்து, ஒரு நாடு எடுத்த ஆதாரத்தை மற்ற நாட்டு நீதிமன்றம் ஏற்கும்படி முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். 2023 வரை 6,500க்கும் மேற்பட்ட கைது, ஏறத்தாழ 90 கோடி யூரோ பறிமுதல் அல்லது முடக்கம். நம் பக்கத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டு வங்கிக் கணக்கு விவரம் கேட்டால், நீதிமன்றம் வழியாகக் கடிதம் எழுதி, இரண்டு வெளியுறவு அமைச்சகம் தாண்டி, அது போய்ச் சேரும்போது கணக்கில் பணம் இருக்காது.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் அமைப்புக்கு 1990இலேயே போதைப்பொருள் உடன்படிக்கை இருக்கிறது, கொழும்பில் அதற்கென்று ஒரு கண்காணிப்புப் பிரிவும் வைத்தார்கள். ஆனால் 2014 காத்மண்டுவுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே நடக்கவில்லை. ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கரையிலிருந்து தெற்கே கிளம்பும் படகைப் பற்றி முதலில் பேச வேண்டியது இந்தியாவும் பாகிஸ்தானும்தான், அந்த இரண்டும் பேசுவதில்லை. அதனால் கொழும்புப் பாதுகாப்பு மாநாடு, குருகிராமில் 2018இல் தொடங்கிய கடல்சார் தகவல் மையம் என்று வேறு வழிகளில் சுற்றிப் போகிறோம். அவை உருப்படியான முயற்சிகள்தான், நடுவில் இருக்கும் ஓட்டை மட்டும் பெரிது.

குடுவை

வேதியியல் படித்தவள் என்பதால் ஒரு விஷயம் சேர்க்கிறேன், யாரும் தொடவில்லை. ஐஸ் வயலில் விளைவதில்லை. 2022இல் தாலிபான் தடை போட்டதும் ஆப்கானிஸ்தானில் அபின் எடுக்கும் கசகசாச் செடி 2,33,000 ஹெக்டேரிலிருந்து 2023இல் 10,800 ஹெக்டேராகச் சுருங்கியது என்கிறது ஐ.நா. அந்த ஆண்டே மியான்மர் அபின் உற்பத்தியில் முதலிடத்துக்கு வந்தது. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கிறது. ஐஸுக்கு இந்தக் கவலையே இல்லை, மழையோ வயலோ வேண்டாம், ரசாயனம் போதும். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் மட்டும் 2024இல் 236 டன் பிடிபட்டிருக்கிறது. அது பிடிபட்டது மட்டும்தான்.

ஆகவே பிடிக்க வேண்டிய இடம் ரசாயனம். சூடோஎபெட்ரின் சளி மருந்திலும் இருக்கிறது, ஐஸுக்கும் மூலப்பொருள் அதுதான். அசட்டிக் அன்ஹைட்ரைடு தொழிற்சாலைகளுக்கு வேண்டும், ஹெராயினுக்கும் வேண்டும். முழுதாகத் தடை செய்ய முடியாது, அதனால் ஏற்றுமதி செய்யும் நாடு அனுப்புவதற்கு முன்பே இறக்குமதி நாட்டுக்குத் தகவல் சொல்லும் இணைய முறை ஒன்றை வியன்னாவில் இருக்கும் பன்னாட்டுப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் 2006இலிருந்து நடத்துகிறது. உங்கள் நாட்டு இன்ன கம்பெனி இவ்வளவு கேட்கிறது, நிஜமா என்று கேட்பார்கள். அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று பதில் வந்தால் சரக்கு கிளம்பாது. சத்தமில்லாத வேலை, படம் எடுக்கவும் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு டிரம் அங்கே நின்றால் எத்தனை படகு இங்கே மிச்சம் என்று யோசியுங்கள். பட்டியலில் இல்லாத புதுப்புது ரசாயனங்களுக்கு மாறிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது வேறு தலைவலி.

2024 பிப்ரவரி டெல்லி வழக்கும் இப்படித்தான் வெளியே வந்தது. தேங்காய்த் துருவல் பொடியில் கலந்து சூடோஎபெட்ரின் வருகிறது என்று நியூசிலாந்து சுங்கத்துறையும் ஆஸ்திரேலியப் போலீசும் இந்தியாவுக்குச் சொன்னார்கள். டெல்லியில் ஒரு கிடங்கில் 50 கிலோ பிடிபட்டது, அதற்கு முன் மூன்று ஆண்டில் 45 தடவையாக 3,500 கிலோ போயிருக்கும் என்று போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு சொன்னது. சரக்கு போய்ச் சேரும் நாட்டு அதிகாரி, கிளம்பும் நாட்டு அதிகாரிக்கு நேரடியாகச் சொன்னதால் நடந்தது இது.

பனங்கூடல்

குடுவை அக்கா, இதை முதல் பதிவாகவே போட்டிருக்கலாம். மித்தெனியவில் புதைத்திருந்த இரசாயனத்துக்கும் இதே கேள்விதான். அவ்வளவும் எந்தத் துறைமுகத்தால், என்ன பெயரில் உள்ளே வந்தது? அனுப்பிய நாட்டில் யாராவது கேட்டார்களா?

நெய்தல்

கறுப்பு அங்கி, கடைசியாக ஒன்று. கடலில் பிடித்த ஆட்களை எந்த நாடு ஏற்பது என்ற சிக்கலுக்கு வழி இருக்கிறதா?

கறுப்பு அங்கி

இருக்கிறது, செய்தும் காட்டியிருக்கிறார்கள், ஆனால் கடற்கொள்ளைக்கு. சோமாலியக் கொள்ளையர்களைப் பிடித்த ஐரோப்பியக் கடற்படைகள் 2009இல் கென்யாவோடும் சீஷெல்ஸோடும் ஏற்பாடு செய்துகொண்டன. பிடிப்பது ஒருவர், வழக்கு நடத்துவது இன்னொருவர், அதற்கான செலவு, சிறை, நீதிபதிகளுக்குப் பயிற்சி எல்லாவற்றுக்கும் ஐ.நா. உதவியது. போதைப்பொருளுக்கும் அதே மாதிரி செய்யலாம். சரக்கு முழுவதையும் சுமந்து வர வேண்டாம், முறைப்படி மாதிரி எடுத்து, எடை போட்டு, வீடியோ பதிவு செய்து, மீதியை அழித்தாலும் நீதிமன்றம் ஏற்கும்படி சட்டம் திருத்தினால் போதும். ஏறிய கடற்படைக்காரர் சாட்சி சொல்ல விமானம் ஏறி வர வேண்டாம், காணொளியில் சொல்லலாம். இதில் எதுவுமே முடியாத காரியம் இல்லை.

கரைவலை

ஐயா, எல்லாம் படித்தேன், பாதி புரிந்தது, புரிந்த பாதியே போதும். உங்களிடம் ஒரு கேள்வி. கடலில் சில நேரம் பொட்டலம் மிதந்து வரும். துரத்தும்போது போட்டுவிட்டுப் போனதாக இருக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அதை எடுத்து வந்து நேர்மையாக ஒப்படைத்தார். நாலு நாள் விசாரணை என்று உட்கார வைத்தார்கள், தொழில் போயிற்று. அதற்குப் பிறகு யாரும் எடுப்பதில்லை, பார்த்தாலும் பார்க்காத மாதிரி படகைத் திருப்பிவிடுகிறோம். 1933 என்று இந்திய அரசு ஒரு போன் எண் வைத்திருக்கிறது, கரையிலிருந்து பேசலாம். நடுக்கடலில் வயர்லெஸ்ஸில் சொன்னால் எங்கள் பெயர் வெளியே வராமல் இருக்குமா? இரண்டு நாட்டுக் காவல்படைக்கும் பொதுவாக ஒரு சேனல் வைத்து, சொன்னவன்மேல் வழக்கு இல்லை என்று எழுதிக் கொடுக்க முடியுமா? அப்படி ஒன்று இருந்தால் எங்களைவிட அதிகம் கண்கள் அந்தக் கடலில் யாருக்கும் இல்லை.

நாளை அதிகாலை இறங்குகிறோம். பதில் எழுதி வையுங்கள், கரைக்கு வந்ததும் படிக்கிறேன்.